ஓசுவின் ‘ஐ வாஸ் பார்ன், பட்…’ (1932): கடைசியில பையன்கள் தோத்துட்டாங்களா?

கீரைவடை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பான் இயக்குநர்கள்ல குரோசாவா படம் நாலைஞ்சு பாத்திருக்கேன், ஓசு பக்கம் போனதே இல்ல. ‘டோக்கியோ ஸ்டோரி’ல ஆரம்பின்னு நண்பர்கள் சொன்னாங்க. வயசான அம்மா அப்பா கதைன்னதும் பயந்துட்டு, பசங்க படமாச்சே, லேசா இருக்கும்னு இதை எடுத்தேன். முதல் ஒரு மணி நேரம் லேசாத்தான் இருந்துச்சு.

பாக்காதவங்களுக்காகக் கதை. யோஷின்னு ஒரு ஆபீஸ்காரர், தன் மேலதிகாரி இவாசாக்கி வீடு இருக்கிற டோக்கியோ புறநகருக்கே குடும்பத்தோட குடிவர்றார். ரெண்டு பையன்கள், பெரியவன் ரியோயிச்சி, சின்னவன் கெய்ஜி. புது இடத்துல ரவுடிப் பசங்க தொல்லை, அடிக்குப் பயந்து ஸ்கூலுக்கு மட்டம், குருவி முட்டையைப் பச்சையா முழுங்கினா பலம் வரும்னு ஒரு நம்பிக்கை. எப்படியோ இவங்களே தெருவுக்குத் தலைவர்கள் ஆகிடுறாங்க. இவங்க கையைக் காட்டினா எதிர்ல நிக்கிறவன் பொத்துனு செத்து விழணும், மறுபடி சைகை பண்ணினாத்தான் எழுந்திரிக்கலாம். மேலதிகாரி மகன் தாரோவுக்கும் அதே சட்டம்தான்.

அப்புறம் ஒருநாள் இவாசாக்கி வீட்டுல, அவர் ஆசைக்கு எடுத்த சின்னப் படங்களைத் திரையில ஓட்டுறாங்க. மிருகக்காட்சி சாலை வருது. வரிக்குதிரைக்கு வெள்ளைமேல கறுப்புக் கோடா, கறுப்புமேல வெள்ளைக் கோடான்னு பசங்க சண்டை போடுறாங்க. அடுத்தது ஆபீஸ். திரையில இவங்க அப்பா. மேலதிகாரி சிரிக்கணும்ங்கறதுக்காக மூஞ்சியை அஷ்டகோணலாக்கிக் காட்டுறார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, இந்த ரெண்டு பேரைத் தவிர.

வீட்டுக்கு வந்து ஒரே ரகளை. “எங்களைப் பெரிய ஆளா வரணும்னு சொல்ற நீங்க பெரிய ஆள் இல்லையே, ஏன் அவருக்குத் தலைவணங்குறீங்க?” “அவர்தானே சம்பளம் குடுக்கறார்.” “அப்ப வாங்காதீங்க.” அடி விழுது. சாப்பிட மாட்டோம்னு உண்ணாவிரதம். ஆனா மறுநாள் காலையில அம்மா சோத்து உருண்டை பிடிச்சு வச்சதும் ஒவ்வொண்ணா எடுத்துச் சாப்பிட்டுடுறாங்க. போற வழியில ரயில்வே கேட்ல மேலதிகாரி கார் நிக்குது. பசங்களே அப்பாகிட்ட, போய் வணக்கம் சொல்லுங்கன்னு அனுப்புறாங்க. படம் முடிஞ்சுது.

எனக்கு இதான் உறுத்தல். அவ்வளவு நியாயமா கோபப்பட்டவங்களை ரெண்டு சோத்து உருண்டையில அடக்கிட்டா, ‘உலகம் அப்படித்தான், பொறுத்துப் போ’ன்னுதானே அர்த்தம்? பையன்கள் தோத்துட்டாங்களா? இன்னொண்ணு, என்கிட்ட இருக்கிற பிரதியில ஒரு சத்தமும் இல்ல, பின்னணி இசைகூட இல்ல. பிரதியில கோளாறா, இல்ல படமே அப்படியா?

---

கடைசிபெஞ்ச்:

சத்தத்துக்கு மட்டும் நான். கோளாறு இல்லீங்க, அது மௌனப் படம்தான். ஜப்பான்ல பேசும்படம் 1931லயே ஜெயிச்சுக் காட்டியாச்சு, அதுவும் ஓசு வேலை பார்த்த அதே ஷோசிகு கம்பெனியில. ஆனாலும் ஓசு 1936 வரைக்கும் பேசும் கதைப்படம் எடுக்கல. அவரோட கேமராமேன் ஹிதேயோ ஷிகெஹாரா சொந்தமா ஒரு ஒலிப்பதிவு முறையை உருவாக்கிட்டிருந்தார். அது தயாராகட்டும், அதுலதான் எடுப்பேன்னு ஓசு அவருக்கு வாக்கு குடுத்திருந்தார்.

அந்தக் காலத்துத் தியேட்டர்ல இது சத்தமில்லாம ஓடியிருக்காது. திரைக்குப் பக்கத்துல பென்ஷின்னு ஒருத்தர் நின்னு எல்லா பாத்திரத்துக்கும் குரல் குடுத்துக் கதை சொல்லுவார். நட்சத்திரங்களுக்குச் சமமா சில பென்ஷிகளுக்குக் கூட்டம் வரும். பேசும்படம் வந்ததும் அவங்க வேலை போச்சு. 1932ல அதுக்காக வேலைநிறுத்தமே நடந்தது. நீங்க குரோசாவா ரசிகர்னு சொன்னதால ஒரு தகவல்: அவரோட அண்ணன் ஹெய்கோ ஒரு பென்ஷி. அந்த வேலைநிறுத்தத்துல முன்னாடி நின்னவர். 1933ல தற்கொலை பண்ணிக்கிட்டார்.

பியானோ சேர்த்த பிரதியும் கிடைக்குது. நான் சத்தமில்லாமத்தான் பார்ப்பேன். முடிவு பத்தி கமாட்டாக்காரன் அண்ணன் வருவார், விட்டுடுறேன்.

---

கமாட்டாக்காரன்:

கூப்பிட்டாச்சு, வந்தாச்சு.

தம்பி கீரைவடை, நான் டோக்கியோவுல ஓட்டா வார்டுல ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில தரப் பரிசோதனை வேலையில இருக்கேன். இந்தப் பெயரை வச்சுக்கிட்டதுக்குக் காரணமே இந்த மாதிரிப் படங்கள்தான். ஓசு இதை எடுத்தப்ப ஷோசிகு ஸ்டூடியோ கமாட்டாவுலதான் இருந்தது. 1936ல ஓஃபுனாவுக்குப் போயிட்டாங்க. சுத்தி இருந்த தொழிற்சாலைச் சத்தம் பேசும்படத்துக்கு ஒத்துவரல. இப்ப அந்த இடத்துல ஆப்ரிகோன்னு வார்டு கலையரங்கம் இருக்கு. கமாட்டா ஸ்டேஷன்ல ரயில் கிளம்புறதுக்கு முன்னாடி போடுற மெட்டுகூட அந்த ஸ்டூடியோவோட பாட்டுதான். தினமும் காலையில கேக்கறேன். ஸ்டூடியோ போய் தொண்ணூறு வருஷம் ஆகுது, பாட்டு மட்டும் வேலைக்குப் போறவனை விரட்டிக்கிட்டே இருக்கு.

சரி, உங்க கேள்வி. பையன்கள் தோத்தாங்களான்னா, ஆமா. ஆனா சோத்து உருண்டையில இல்ல. படம் பாதிகூட ஆகுறதுக்கு முன்னாடியே தோத்தாச்சு, அதை அவங்களும் கவனிக்கல, நம்மளும் சிரிச்சுக்கிட்டே விட்டுடுறோம். சாக்கே (ஜப்பானிய அரிசி மது) கடைப் பையன் வர்ற இடத்தை மறுபடி போட்டுப் பாருங்க.

இவங்களை மிரட்டுற அந்தப் பெரிய ரவுடிப் பையனை இவங்க ஜெயிக்கவே இல்ல. குருவி முட்டையும் உதவல. கடைசியில கடைச் சாமான் கொண்டு வர்ற பையன்கிட்டச் சொல்லி அவனை அடிக்க வைக்கிறாங்க. அவனும் அடிச்சுக் குடுத்துடுறான். இவங்க தலைமை வந்தது அப்படித்தான், இரவல் கையால. அடுத்து இவங்க பேராசைப்பட்டு, தாரோவையும் ரெண்டு வைன்னு சொல்றாங்க. அவன் மாட்டேன்னுடுறான். காரணமும் ஒளிச்சு மறைச்சுச் சொல்லல: தாரோ வீடு நல்ல வாடிக்கை, உங்க வீட்டைவிட அதிகமா வாங்குவாங்க.

அவ்வளவுதான் வசனம். பையன்கள் அதுக்குக் கோபப்படவே இல்ல! ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி இல்ல. சரின்னு விட்டுடுறாங்க. யார் வீட்டுல அதிகம் வாங்குறாங்களோ அவன் மேல கை வைக்க முடியாதுங்கறது அவங்களுக்கு வெயில் மழை மாதிரி சாதாரண விஷயம். அப்புறம் அதே நியாயத்தை அப்பா சொன்னா, ‘அவர்தானே சம்பளம் குடுக்கறார்’னு, வீட்டையே ரெண்டாக்குறாங்க. கடைப் பையன் சொன்னதுக்கும் அப்பா சொன்னதுக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் கிடையாது.

ஓசு இதை எங்கயும் விளக்க மாட்டார். ரெண்டையும் தள்ளித் தள்ளி வச்சுட்டுப் போயிடுவார்.

இன்னொரு இடம். ஸ்கூல் மைதானத்துல பசங்களை வரிசையா நடக்க விடுறாங்க, கேமரா அவங்க பக்கவாட்டுல நகருது. வெட்டினா ஆபீஸ். அதே வேகத்துல கேமரா மேஜை வரிசையோரமா நகருது. குமாஸ்தாக்கள் ஒவ்வொருத்தரா கொட்டாவி விடுறாங்க. ஒருத்தர் மட்டும் விடல. கேமரா அவரைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நிக்குது. அவரும் விட்டதுக்கு அப்புறம்தான் மேல நகருது. பின்னாளில கேமராவை நகர்த்தவே மாட்டார்னு பேர் வாங்கின ஓசு பண்ணின குறும்பு இது. அந்த ஸ்கூல் வரிசைதான் இந்த மேஜை வரிசையா வளரப்போகுதுன்னு அந்த ஒரு வெட்டுலயே சொல்லியாச்சு.

இப்ப அப்பாவைப் பத்தி. முதல் காட்சியிலயே, வீட்டுச் சாமான் ஏத்தின வண்டி சேத்துல மாட்டிக்கிட்டு நிக்குது. இவர் அதை விட்டுட்டு மேலதிகாரி வீட்டுக்கு மரியாதை சொல்லக் கிளம்பிடுறார். இவர் ஏன் இந்தப் பக்கம் குடிவந்தார்ங்கறதை ஆபீஸ்ல மத்தவங்களும் நல்லாத்தான் புரிஞ்சு வச்சிருக்காங்க. நான் இங்க வந்த புதுசுல எங்க செக்‌ஷன் தலைவர் ஒருத்தர் இருந்தார். கம்பெனித் தலைவர் சொல்ற ஜோக்குக்கு முழுசா ஒரு விநாடி முன்னாடியே சிரிச்சுடுவார். ஜோக் முடிஞ்சதான்னு பாக்க மாட்டார். எனக்கு அப்ப அவர் மேல இளக்காரம். அப்புறம் இந்தப் படத்துல தட்சுவோ சைத்தோவைப் பாத்தேன். நெட்டையா, ஒல்லியா, வீட்டுல அவ்வளவு விறைப்பா நடக்குற மனுஷன், அந்தச் சின்னத் திரையில கண்ணை உருட்டி வாயைக் கோணி ஆடுறார். ஆடுறதுல அவர் கெட்டிக்காரர். அதுதான் வேதனை. கஷ்டப்பட்டுப் பண்ணியிருந்தா பாவம்னு விட்டுடலாம். கூச்சமே இல்லாம, ரொம்ப நாள் பழக்கமான வேலையைப் பண்ற மாதிரி பண்றார். ஓடுற படத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற நிஜ யோஷியோட முகத்தையும் காட்டுறாங்க பாருங்க, அங்கதான் அவருக்கு முதல் தடவையா வெக்கம் வருது. பசங்க பாக்குறாங்கங்கறதுக்காக மட்டும்.

இவாசாக்கியா வர்ற தகேஷி சகாமோத்தோவை மறந்துடாதீங்க. அடுத்த வருஷமே ஓசு இதே ஆளை ‘பாஸிங் ஃபேன்ஸி’ல எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரனா போட்டார், அங்கயும் பையனுக்கும் அப்பனுக்கும்தான் மோதல். சின்னவன் கெய்ஜியா வர்ற தொமியோ அவோகிதான் அங்கயும் பையன். இந்த வாண்டுக்கு ஓசு 1929ல எடுத்த ‘தொக்கான் கொசோ’ங்கற குறும்படத்தோட பேரே நடிப்புப் பேரா ஒட்டிக்கிச்சு.

ஒரு வருத்தம், சொல்லாம இருக்க முடியல. இணையத்துல இந்தப் படத்துக்கு ‘குழந்தைகளின் குறும்பு உலகம்’னு எழுதி வச்சிருக்காங்க. ஓசு இதுக்கு வச்ச துணைத்தலைப்பே ‘பெரியவர்கள் பார்க்கும் படப் புத்தகம்’. குழந்தைகளைப் பத்தி ஆரம்பிச்சேன், பெரியவங்களைப் பத்தி முடிஞ்சுது, நினைச்சதைவிட இருட்டா வந்துடுச்சுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். கம்பெனிக்கே வெளியிட யோசனையா இருந்ததாம். அப்புறம் 1932 ஜூன்ல வந்து, ‘கினெமா ஜும்போ’ பத்திரிகையோட அந்த வருஷ முதலிடமும் வாங்கிச்சு. அடுத்த ரெண்டு வருஷமும் முதலிடம் இவருக்கேதான்.

---

மாடிவீட்டு மல்லிகை:

கமாட்டாக்காரன் சார், சாக்கே கடைப் பையன் விஷயம் எனக்குத் தோணவே இல்ல, ஒத்துக்கறேன். ஆனா ‘தோத்தாச்சு’ன்னு ஒரேயடியா முத்திரை குத்துறதை ஒத்துக்க மாட்டேன்.

ரயில்வே கேட் காட்சியை எடுத்துக்குங்க. அப்பா தயங்கி நிக்கிறார். பசங்க பாக்குறாங்களேன்னு போய் வணக்கம் சொல்லவும் முடியல, சொல்லாம நிக்கவும் முடியல. அந்தச் சங்கடத்தைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் பசங்களே போங்கப்பாங்கறாங்க. இது அடங்கிப் போறது இல்ல சார். நேத்து அப்பாவை எல்லார் முன்னாடியும் குத்தவாளிக் கூண்டுல ஏத்தினவங்க இன்னைக்கு இறக்கி விடுறாங்க. ஒரு ராத்திரியில அப்பாவைவிடப் பெரியவங்களாகிட்டாங்க. எனக்கு அது தோல்வியா தெரியல, பாரமா தெரியுது.

அப்புறம், மூணு பேர் எழுதிட்டீங்க, அந்த வீட்டுல அம்மான்னு ஒருத்தி இருக்கிறதா யாருக்கும் தெரியல. கீரைவடை ‘அம்மா சோத்து உருண்டை பிடிச்சு வச்சதும்’னு ஒரு அரை வரி குடுத்திருக்கார், நன்றி. மிட்சுகோ யோஷிகாவா பண்ணினது. பசங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவுல ராத்திரி முழுக்க ஓடுறது இவங்கதான். பசங்க தூங்கினப்புறம் அவர் விஸ்கியை எடுத்து வச்சுக்கிட்டு உக்காருறார். பசங்க சொன்னது நியாயம்தான்னு அவருக்கே தெரியும். இவனுங்களும் என்னை மாதிரியே ஒரு பரிதாபமான ஆபீஸ்காரனா ஆகிடக் கூடாதுங்கறார். கேட்டுக்கிட்டு நிக்கிற அந்த அம்மா முகத்தைப் பாருங்க. அவர் இப்படி இருக்கிறது அவங்களுக்கு இன்னைக்குத் தெரிஞ்ச செய்தி இல்ல. இவாசாக்கி வீட்டுக்குப் பக்கத்துல குடிவந்ததுல அவங்களுக்கும் பங்கு உண்டு, அந்தச் சம்பளத்துலதான் அரிசி. தூங்குற பசங்களை ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. மறுநாள் அந்த உருண்டையைப் பிடிக்கிற கைக்கு அது எங்கிருந்து வந்த அரிசின்னு நல்லாத் தெரியும்.

இவாசாக்கி வீட்டம்மாவும் அப்படித்தான். அந்தச் சின்னப் படத்துல இவாசாக்கி கெய்ஷாக்களோட (விருந்துகள்ல ஆடிப் பாடி மகிழ்விக்கிற பெண்கள்) நிக்கிறது வந்துடுது. பக்கத்துல உக்காந்திருக்கிற மனைவிக்கு எப்படி இருக்கும்? ஓசு அதையும் நகைச்சுவையா வச்சுட்டு நகர்ந்துடுறார். பணக்கார வீட்டுலயும் ஒருத்தி வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கணும். பசங்களுக்கு இருக்கிற கோபிக்கிற சுதந்திரம் ரெண்டு வீட்டு அம்மாக்களுக்கும் இல்ல.

---

கீரைவடை:

ரெண்டு பேருக்கும் நன்றி. கடைப் பையன் காட்சியை மட்டும் திரும்பப் போட்டுப் பாத்தேன். அண்ணன் சொன்னது சரி, ரெண்டு பயலும் மறுபேச்சே பேசல. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்துச்சு.

ஆனா ஒரு சந்தேகம். அப்பா ஏன் அவ்வளவு பயப்படணும்? இவாசாக்கி ஒண்ணும் கொடுமைக்காரர் இல்ல. சிரிச்சுப் பேசுறார், வீட்டுக்குக் கூப்பிடுறார், கார்ல ஏத்திக்கிறார். கோமாளி வேஷம் போடலேன்னா வேலை போயிடுமா என்ன? இவரா இறங்கிப் போற மாதிரிதான் எனக்குத் தெரியுது.

---

கமாட்டாக்காரன்:

நல்ல கேள்வி. மல்லிகை அம்மா சொன்ன ரயில்வே கேட் விஷயத்துக்கும் சேத்தே எழுதிடுறேன்.

இவாசாக்கி கெட்டவரா இருந்திருந்தா இது சாதாரணப் படம். அவர் நல்லவராத்தான் இருக்கணும். அப்பதான் பையன்கள் கோபத்துக்குப் போய்ச் சேர ஒரு இடம் இல்லாமப் போகும். அடிக்கிற மேலதிகாரின்னா எதுத்து நிக்கலாம், நம்மைப் பாத்துச் சிரிக்கிற மேலதிகாரியை என்ன பண்ண முடியும்?

வேலை போயிடுமான்னு கேட்டீங்க. 1932ல அந்தத் தியேட்டர்ல உக்காந்திருந்தவங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. 1929லயே ஓசு ‘ஐ கிராஜுவேட்டட், பட்…’னு எடுத்துட்டார், பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காதவன் கதை. 1930ல ‘ஐ ஃப்ளங்க்ட், பட்…’. இந்தப் படத்துத் தலைப்பு அந்த வரிசையில மூணாவது ‘பட்’. உலகப் பொருளாதார மந்தம் ஜப்பானையும் பிடிச்ச நேரம், படிச்சவனுக்கே வேலை இல்ல. 1931ல வந்த ‘டோக்கியோ கோரஸ்’ல ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஊழியர், வயசான சக ஊழியரை அநியாயமா நீக்கினதைத் தட்டிக் கேக்கறார். அன்னைக்கே இவர் வேலையும் போச்சு. பையனுக்குச் சைக்கிள் வாங்கித் தரேன்னு சொன்ன அதே நாள்ல. மக உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில, செலவுக்குப் பெண்டாட்டி கிமோனோவை விக்கணும். யோஷி பேசாம இருக்கிறவர்னா, பேசினவனுக்கு என்ன ஆச்சுன்னு முந்தின வருஷமே காட்டியாச்சு. வரிசையா பாத்தவங்களுக்கு யோஷியோட கோமாளித்தனம் வேற மாதிரி தெரியும். வேடிக்கை என்னன்னா, அந்தப் படத்துல வேலையில்லாதவனுக்குத் தன் சாப்பாட்டுக்கடையில வேலை போட்டுக் குடுக்கிற பழைய வாத்தியார் இதே தட்சுவோ சைத்தோதான்.

இதெல்லாம் எடுத்தப்ப ஓசுவும் ஒரு மாதச் சம்பளக்காரர்ங்கறதையும் சேத்துக்கலாம். படம் வந்தப்ப 28 வயசு, கல்யாணம் ஆகல, கடைசி வரைக்கும் ஆகவும் இல்ல. அவங்க அப்பா உர வியாபாரி. ஓசுவுக்கு ஒன்பது வயசு இருக்கிறப்ப அம்மாவோடயும் பிள்ளைகளோடயும் மாட்சுசாகாவுக்கு அனுப்பிட்டு, அப்பா மட்டும் டோக்கியோவுல வியாபாரத்தைப் பாத்தார். வருஷக்கணக்கா அப்பா தள்ளி இருந்த வீடு. அதனாலதான் இப்படி எடுத்தார்னு முடிச்சுப் போட மாட்டேன். ஆனா அப்பாங்கறவர் வீட்டுக்கு வெளியில யாரா இருப்பார்னு யோசிச்சுப் பாக்க அந்தப் பையனுக்கு நேரம் நிறைய இருந்திருக்கும்.

மல்லிகை அம்மா, ரயில்வே கேட்ல பசங்க காட்டினது கருணைதான், மறுக்கல. அப்பாவை இறக்கி விட்டாங்கன்னு நீங்க எழுதினது நான் எழுதினதைவிடச் சரி. ஆனா ரியோயிச்சி முந்தின ராத்திரி கேட்ட கேள்வி ஒண்ணு பாக்கி இருக்கே. தாரோவைவிட எனக்குப் பலம் அதிகம், மார்க்கும் அதிகம், பெரியவனானதும் அவன்கிட்டத்தான் வேலை பாக்கணும்னா நான் ஏன் ஸ்கூலுக்குப் போகணும்? அப்பாகிட்ட இதுக்குப் பதில் இல்ல, அடிதான் இருந்தது. அம்மாகிட்டயும் இல்ல. காலையில பசி வந்ததும் கேள்வி பதிலில்லாமலே நின்னுபோச்சு. கருணை அப்பாவுக்குக் கிடைச்சது. பையனுக்கு என்ன கிடைச்சது?

கோமாளித்தனம் பத்தி உங்க ‘இவரா இறங்கிப் போறார்’ங்கறது பாதி உண்மை, தம்பி. எங்க செக்‌ஷன் தலைவரையும் யாரும் சிரிக்கச் சொல்லல. பணி ஓய்வு விருந்துல அவரோட மகன் வந்திருந்தார், நல்லா வளர்ந்த ஆள். கம்பெனித் தலைவர் பேசினப்ப அப்பா வழக்கம்போல முன்னாடியே சிரிச்சார். மகனும் கூடவே, ஒரு விநாடி பிசகாம அப்பாவோட சேர்ந்து சிரிச்சார். அன்னைக்கு நான் குடிச்சது எனக்கு ஒத்துக்கல.

கடைசியா ஒண்ணு. அந்தச் சோத்து உருண்டை காட்சியில அப்பா கேக்கறார், பெரியவனானா என்ன ஆவேன்னு. சின்னவன் லெப்டினன்ட் ஜெனரல் ஆவேங்கறான். ஏன், ஜெனரல் ஆகக் கூடாதான்னா, அது அண்ணன் ஆகப்போறான்கறான். தியேட்டர்ல எல்லாரும் சிரிச்சிருப்பாங்க. அப்பாவுக்கும் இவாசாக்கிக்கும் நடுவுல மேல் கீழ் வேண்டாம்னு சண்டை போட்டவன், தனக்கும் அண்ணனுக்கும் நடுவுலயே ஒரு பதவி வித்தியாசத்தை எவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கான் பாருங்க. படம் வெளியாகுறதுக்கு மூணு வாரம்கூட முன்னாடி இல்ல, மே 15ல, இளம் கடற்படை அதிகாரிகள் பிரதமர் இனுகாயை வீட்டுல புகுந்து சுட்டுக் கொன்னுட்டாங்க. 1937ல ஓசுவையே பட்டாளத்துல சேத்து சீனாவுக்கு அனுப்பினாங்க. ரியோயிச்சி வயசுப் பசங்களுக்கு அப்ப பதினஞ்சு பதினாறு இருக்கும்.

---

கடைசிபெஞ்ச்:

அண்ணன் ரொம்ப இருட்டாக்கிட்டார். கீரைவடை, அடுத்து என்ன பாக்கலாம்னு நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்க. ரெண்டு வழி இருக்கு.

சிரிக்கணும்னா ‘குட் மார்னிங்’, 1959, கலர். இதே ஓசு, இதே மாதிரி புறநகர், இதே மாதிரி ரெண்டு பையன்கள். இங்க சண்டை டிவி வாங்கித் தரச் சொல்லி. வாயை மூடுங்கடான்னு அப்பா சொன்னதும் பசங்க நிஜமாவே மூடிக்கிறாங்க, ஸ்கூல்லகூடப் பேசல. சும்மா சும்மா “காலை வணக்கம், நல்ல வெயில்”னு பேசுற பெரியவங்களை அவங்க கேலி பண்றதுலதான் படமே. டிவி வந்துடுது. அப்பாவுக்கு அவமானம் எதுவும் இல்ல. இருபத்தேழு வருஷத்துல நாடு வசதியாகிடுச்சு, அதோட படமும் லேசாகிடுச்சுங்கறது என் எண்ணம். சண்டைக்கு வராதீங்க.

ரியோயிச்சி கேட்ட அந்தக் கேள்வி உங்களையும் உறுத்துச்சுன்னா ‘தி ஒன்லி சன்’, 1936. ஓசுவோட முதல் பேசும் கதைப்படம், நான் சொன்ன ஷிகெஹாராவோட ஒலிப்பதிவு முறையில எடுத்தது. ஷின்ஷூங்கற ஊர்ப்பக்கம் பட்டு மில்லுல வேலை பாக்குற விதவை ஒருத்தி. பையனைப் படிக்க வச்சே ஆகணும்னு வாத்தியார் சொல்லி, வீடு, மல்பெரித் தோட்டம் எல்லாத்தையும் வித்துப் படிக்க வைக்கிறா. வருஷம் கழிச்சு டோக்கியோவுக்குப் பாக்க வர்றா. பையன் குப்பை எரிக்கிற இடத்துக்குப் பக்கத்துல குடியிருக்கிற ராத்திரிப் பள்ளி வாத்தியார். கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருக்கிறதையும் அம்மாகிட்டச் சொல்லல. படிக்கச் சொன்ன அந்த ஊர் வாத்தியாரும் பெரிய கனவோட டோக்கியோவுக்கு வந்தவர்தான். இப்ப பன்றிக்கறி வறுத்து விக்கிற கடை வச்சிருக்கார். அவரா வர்றது சிஷு ரியூ. அம்மாவா சோக்கோ இய்டா. பாத்துட்டு யார்கிட்டயும் உடனே பேசாதீங்க.

---

கீரைவடை:

‘தி ஒன்லி சன்’ எடுத்துட்டேன், சனிக்கிழமை பாக்கறேன். கமாட்டாக்காரன் அண்ணா, இதுலயும் முதல் பாதியில நான் கவனிக்கணும்னு ஏதாவது கடைப் பையன் ஒளிஞ்சிருக்கானா?

---

கமாட்டாக்காரன்:

இதுல கடைப் பையன் இல்ல, குதிரை இருக்கு. பக்கத்து வீட்டுப் பையனைப் பாருங்க, அவன் வர்ற எந்த இடத்தையும் தள்ளி விடாதீங்க. பாத்துட்டுத் தனி இழை ஆரம்பிங்க. அந்த அம்மா கடைசியில மில்லுல தன் தோழிகிட்ட மகனைப் பத்திச் சொல்றது பொய்யா இல்லையாங்கறதுல எனக்கும் மல்லிகை அம்மாவுக்கும் போன வருஷச் சண்டை ஒண்ணு இன்னும் முடியாம நிக்குது.

---

மாடிவீட்டு மல்லிகை:

பொய் இல்ல. சனிக்கிழமை வாங்க, பேசிக்கலாம்.